நோன்பு மாதத்து மாத்திரை

கும்மிடிப்பூண்டி
26.8.2007

அன்புள்ள இஜாஸ் அண்ணனுக்கு, தங்கை ஃபிர்தௌஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மா, வாப்பா, சஹாபுதீன் மாமா எல்லோரும் இருக்கிறோம். ஜெத்தாவில் உங்கள் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க துஆ செய்கிறோம். வழக்கமாக உம்மா சொல்லச் சொல்ல எழுதுவேன். இதை உம்மா சொல்லவில்லை. அவர்கள் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் மாதம் என் உதவித்தொகை மனு கொடுக்க உம்மாவும் நானும் திருவள்ளூர் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உம்மா அப்படியே நின்று, "நம்ம ஊட்டுக்கு எந்த பஸ்ஸு கண்ணு?" என்று கேட்டார்கள். விளையாட்டு என்று சிரித்தேன். முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். உம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கும் இப்படித்தானே மறதி ஆரம்பித்தது, இப்போது வாப்பாவையே யாரென்று கேட்கிறார். "இஜாஸுக்கு எழுதினே, உன்கூட பேச மாட்டேன், வேலைய உட்டுட்டு வந்து நிப்பான்" என்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

போன மாதம் சென்னையிலிருந்து மறதி நோயை ஆராய்ச்சி செய்கிறவர்கள் வீடு வீடாக வந்தார்கள். மாமாவிடம் கேள்வி கேட்க வந்தது ஆரோக்கியமேரி அக்கா. மாமா, "நீ இன்னா போலீஸா? நான் ஒண்ணும் திருடலியே" என்றார். அக்கா, "ஒரு டீ குடுத்தா உட்டுடறேன் நைனா" என்றதும் மாமாவே சிரித்துவிட்டார். டீ கொண்டுவந்த உம்மாவுக்கும் அக்கா பிரஷர் பார்த்தார், நம்பாமல் அடுத்த கையிலும் பார்த்தார், அவரே கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேதான் விஷயம் தெரிந்தது. போன நோன்பில் பகலில் மாத்திரை போட முடியாதே என்று, வழக்கமாகப் போடும் பிரஷர் மாத்திரையை உம்மா நிறுத்தியிருக்கிறார்கள். "நோன்பு முழுக்க போடாமயே நல்லாத்தான இருந்தேன், அப்புறம் எதுக்கு அது" என்று பெருநாளுக்குப் பிறகும் தொடவே இல்லை. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை அண்ணா.

இது குடும்பத்தில் எல்லோருக்கும் வருமா என்று அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அப்படி விதித்து வைத்ததில்லை என்றார். பிரஷர், சர்க்கரை, சிகரெட், காது மந்தம், பேச்சுத் துணையில்லாமல் முடங்கிக் கிடப்பது, இவையெல்லாம் மறதி நோய்க்கு எவ்வளவு காரணம் என்றுதான் ஆராய்கிறார்களாம். நடு வயதில் பிரஷரை அடக்கினால் ஆபத்து குறையலாம், உறுதி சொல்ல முடியாது, உம்மாவுக்கு வந்தது அந்த நோய்தானா என்றும் இப்போதே சொல்ல முடியாது என்றார். "வயச மாத்த முடியாது கண்ணு, பிரஷர மாத்தலாம்ல" என்றார். அந்த அக்கா நம் கதவைத் தட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்கிறேன்.

உம்மா இப்போது மாத்திரை போடுகிறார்கள், முகம் தெளிந்திருக்கிறது. வாப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். சிப்காட் எதிரே நம் கையுறைக் கடையில் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து லாரிக்காரர்களோடு பேச விடுகிறார். எல்லாவற்றுக்கும் அல்லாஹ்வுக்கே நன்றி.

ஆனால் அடுத்த மாதம் நோன்பு வருகிறது. விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டோடேயே மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். உம்மா தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து, "பார்க்கலாம் போடி" என்கிறார்கள். எனக்கு அதுதான் பயம். என் சொல் எடுபடாது, நீங்கள் சொன்னால் தட்ட மாட்டார்கள். உங்கள் ரூமில் ஒருவர் சஹருக்கு பிரஷர் மாத்திரை போடுகிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். நீங்கள் வேலையை விட்டு வர வேண்டாம். சஹர் நேரத்துக்கு தினமும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அது மாத்திரைக்கு என்று உம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உம்மா பிரஷர் மாத்திரை போடுவது உங்களுக்கு முன்னமே தெரியுமே, சந்தேகப்பட மாட்டார்கள். உங்களுக்கு அது நடுராத்திரி, தெரியும், மன்னியுங்கள்.

ஊறுகாயைக் குறையுங்கள், நீங்களும் ஒருமுறை பிரஷர் பாருங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன் இரண்டு முறை அடித்தால் போதும், நான் தண்ணீர்ச் சொம்போடு உம்மா பக்கத்தில் நிற்பேன்.

உங்கள் அன்புத் தங்கை,
ஃபிர்தௌஸ்