முடிப்புல்லும் ஐவியின் கழுதையும்

ப்ளூ ஹில்,
செயின்ட் ஹெலினா.

அன்புத் தம்பி டெல்வினுக்கு,

உன் அக்கா வெர்னா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் நார்மனும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. ஃபாக்லாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உன் பக்கம் வேலைக்கு வரும் மார்வின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மழை விடவில்லை. மூடுபனியில் வேலி எங்கே, பாதை எங்கே என்று தெரியாமல்தான் நடக்கிறோம்.

கழுதையையும் விற்றுவிடு, வீட்டையும் நிலத்தையும் விற்றுவிடு என்று சொல்லியிருந்தாய். இன்னும் எதையும் விற்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நீயே பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்குக் கீழே பாறை விளிம்பில் முடி மாதிரி மெலிசாக ஒரு புல் நிற்குமே, நாமெல்லாம் அதை மிதித்துக்கொண்டேதான் விறகுக்குப் போனோம். உலகத்தில் நம் தீவைத் தவிர வேறெங்கும் அது இல்லை என்று இயற்கைக் காப்பு அலுவலகத்திலிருந்து வந்து வேலி போட்டார்கள். உன் ஐவியை அடக்கம் செய்த அதே மாதம். அவர்கள் நீட்டிய தாளில் நீ படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாய். உனக்கு நினைவிருக்காது.

போன மழையில் ஐவியின் கழுதை சார்ஜண்ட் அந்த வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. நான் போய்ப் பார்க்கும்போது நிம்மதியாக மென்றுகொண்டு நிற்கிறான். முடிப்புல் இருந்த இடத்தில் சேறும் குளம்படியும்தான். சுற்றியிருந்த முரட்டு வெளிநாட்டுப் புல்லையும் விடவில்லை. அலுவலகத்துப் பெண் ஷெலின் வந்து பாறைமேல் உட்கார்ந்து அழுதே விட்டாள். “வெர்னாக்கா, இந்தச் சரிவுல இருந்ததே அவ்வளவுதாங்க்கா” என்றாள். என்ன சொல்லித் தேற்றுவது? யாராவது செத்துப்போனால் சொல்லத் தெரியும். புல்லுக்கு என்ன சொல்வது?

உன் அத்தானுக்கு எல்லாம் விளையாட்டு. “உலகத்துலயே கெடைக்காத சாப்பாட்டை ஒரே மூச்சுல முடிச்சுட்டான்டி! நமக்கு என்னிக்காவது அப்படி விருந்து வச்சிருக்கியா?” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கடைக்குப் போனால் “உங்க துரைக்கு இன்னிக்கு என்ன சமையல்?” என்று கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். அந்தக் கோபத்தில்தான் லெவல்வுட் பக்கம் கழுதை வாங்கி விற்கிற பேசிலைக் கூப்பிட்டு, கழுதையை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

பேசில் வருவதாகச் சொன்ன அன்று காலையில் ஷெலின் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அபராதம் போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துச் சரிவுக்கு இழுத்துப் போனாள். சேற்றில் குளம்பு பதிந்த பள்ளங்களில் பச்சை நூல் சிந்தினாற்போல் ஏதோ முளைத்திருந்தது. முழங்கால் வலியோடு குனிந்து பார்த்தேன். முடிப்புல்லேதானாம். முன்பு இருந்ததைவிட அதிகமாம். முரட்டுப் புல்லை அவன் மேய்ந்துவிட்டதால் வெளிச்சம் பட்டு, மண்ணுக்குள் கிடந்த விதையெல்லாம் முளைத்திருக்கும் என்கிறாள். “அக்கா, கழுதைய வித்துடாதீங்க!”

பின்னாலேயே வந்த அவளுடைய பெரிய அதிகாரி தலையை ஆட்டினார். “மழையில முளைச்சிருக்கும். முதல்ல கழுதைய அப்புறப்படுத்துங்கம்மா, இதையும் தின்னுடும்” என்றார். திரும்பி வந்து இரண்டு பேரும் என் வாசலிலேயே நின்று வாதாடினார்கள். அவர் போனபிறகு, யார் சொல்வது சரி என்று ஷெலினிடம் கேட்டேன். “எனக்கே தெரியலக்கா. இன்னொரு மழை வந்தாத்தான் தெரியும்” என்றாள். கெடுத்தவனே காப்பாற்றினானா, காப்பாற்றியது மாதிரி இருந்து கெடுப்பானா? யோசித்து யோசித்து அன்று ரொட்டியைக் கருக விட்டேன்.

அதற்குள் பேசில் கயிற்றோடு வந்து நிற்கிறான். உட்காரவைத்துக் காப்பியும் மீன் வடையும் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டு போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இது என் தம்பி பொண்டாட்டியோட கழுதை. அவன்கிட்ட இன்னொரு தடவை கேக்கணும்” என்று வந்துவிட்டது. “போன வாரம் வந்து தொலைன்னீங்க, இந்த வாரம் வடை குடுத்து அனுப்புறீங்க. வீட்ல கழுதைய விட நீங்கதான் முரண்டு!” என்று திட்டிவிட்டு, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னமும் புரியவில்லை, டெல்வின். புல்லுக்காகவா என்றால் இல்லை. கழுதை மேல் எனக்கு என்ன பாசம், போன மாதம்கூட என் காலை மிதித்தது. உன்னையும் புரியவில்லை. அவளுடைய எல்லாவற்றையும் விற்கச் சொல்கிறாய், ஆனால் போன தடவை பேசியபோது, சார்ஜண்டின் இடது காதுப் புண் ஆறிவிட்டதா என்று கேட்டாய். விற்கிறவன் அதை ஏன் கேட்கிறான்?

ஷெலின் கேட்பது இதுதான்: அடுத்த மழை முடியும்வரை நிலம் கைமாறக்கூடாது, கழுதை அங்கேயே நிற்கவேண்டும். சொந்தக்காரன் சம்மதம் வேண்டும். அவளுடைய பெரிய அதிகாரி கேட்பதும் உன் வார்த்தையைத்தான், ஆனால் நேர்மாறாக. நான் யாருக்கு என்ன சொல்ல? நேரில் வந்து பார்த்துவிட்டு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீயே சொல். எதைச் சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

இன்னொன்று. ஐவிக்குக் கல்லறைக் கல் செதுக்குகிறவர் இரண்டு முறை வந்து, என்ன வாசகம் போடுவது என்று கேட்டுவிட்டார். அவள் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் கொடுத்தேன். மற்றதை அவள் புருஷன் வந்து சொல்வான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். காத்திருக்கிறேன் என்றார், நல்ல மனிதர்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் அக்கா,
வெர்னா