மிஞ்சிய துணியில் ஒரு சட்டை

ஏங்க,

ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். உங்களுக்கு லீவு என்பதால் எழுப்பவில்லை. சோப்புத் துண்டுகளை ஒட்டி வைத்ததற்கு நேற்று என்னைக் கஞ்சப்பிசினாறி என்றீர்களே, அந்தக் கோபமும் இருக்கிறது.

அரைவேக்காட்டில் இறக்கிய சோறு, போர்வை சுற்றிய பெட்டிக்குள் தானாக வெந்துகொண்டிருக்கிறது. பத்து மணிவரை திறந்து பார்க்காதீர்கள். சூடு போனால் மறுபடி கேஸ் செலவு.

மத்தியானம் உங்கள் அக்கா வருகிறார்கள். ஜன்னல் திரை தைத்து மிஞ்சிய துணியில் உங்களுக்கு ஒரு சட்டை தைத்தேனே, அதைப் போட்டுக்கொண்டு திரை பக்கத்தில் உட்காராதீர்கள். போன தடவை, "என்னம்மா, தம்பிக்குத் தலை மட்டுந்தான் தெரியுது?" என்று கேட்டார்கள்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

சண்டையில் சொல்ல மறந்தது: நேற்று செருப்பு தைக்கிறவர், நீங்கள் தைக்கக் கொடுத்திருந்த செருப்பைக் காட்டி, "பஸ்ல போறவர் செருப்பு இப்படித் தேயாதேம்மா. உங்க வீட்டுக்காரர் தினம் நடந்துதான் வேலைக்குப் போறாரு" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

அவரிடம் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். என் செருப்பும் தேய்ந்துவிட்டது.

நாளை முதல் சேர்ந்தே நடப்போம். பஸ் வந்தால் இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம்.