கழற்றாத கையுறை

கோச் ஐயாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் அணிப் பிள்ளைகளின் ஜெர்சி எல்லாம் கொடியில் காய்கிறது. இன்று நீங்களே எடுத்து மடியுங்கள்.

சீசனுக்கு முன்னால் ஆடுகிற நட்பு ஆட்டம், தோற்றாலும் பரவாயில்லை, எல்லாரையும் இறக்குவேன் என்று சொன்னது நீங்கள்தான். மூன்று ஆட்டத்திலும் எல்லாரும் ஆடினார்கள், கால் சுளுக்கியவன்கூட. நம் மகள் மட்டும் பெஞ்சில். கேட்டால், "என் பொண்ணை கோல்ல நிறுத்தினா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றீர்கள். அந்த நாலு பேர் வாயை அடைக்க அவள்தான் கிடைத்தாளா? மூன்று நாளும் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் உங்களோடு ஆடப்போகும் அணியின் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். அவர்கள் கோச் போன் பண்ணி, "உங்க பொண்ணை ஒரு ஆட்டத்துக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவள் ஷூ மாட்டிவிட்டாள். கூட்டிக்கொண்டு போகிறேன்.

சாவி பக்கத்து வீட்டில்.

பி.கு: பெஞ்சில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் பையன்களில் யார் எந்த மூலைக்கு அடிப்பான் என்பது அவளுக்கு மனப்பாடம்.

இன்னொன்று: தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நட்பு ஆட்டம்தானே!