கால் சுட்டது, அத்தை

என் அருமை அத்தை,

கேட்டீர்களா? இன்று என் கால் சுட்டது! ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் முற்றத்தில் வெறுங்காலோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். சுரீரென்றது. துள்ளிக்கொண்டு நிழலுக்குப் போனேன். நான் விழப்போகிறேன் என்று நினைத்து உங்கள் மகன் பதறி வந்து பிடித்தார். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. வெயில் சுட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் பிரேசர் டவுனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே என் நரம்புகளைத் தாக்குகிறது என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் அவரிடமே சண்டைக்குப் போனீர்கள். "வூட்டு நாயே வூட்டுக்காரன கடிச்சா இன்னா பண்றது, டாக்டர்?" என்றீர்கள். பிறகு கைக்குப் பலம் திரும்பியது, நடையும் திரும்பியது. பாதம் மட்டும் மரத்தே கிடந்தது. அதில் உணர்வு வருமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தக் காலோடு ஒருநாள் கோயில் வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அளவே வேறு, எனக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போன நீங்கள், வெளியே ஏன் விட்டாய் என்று அந்த அம்மாவையே திட்டிவிட்டு வந்தீர்கள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம். படி தெரியாத காலை நம்பிப் பிள்ளையை எப்படித் தூக்குவது? மெர்லினை மாடிப்படியில் நீங்களும் உங்கள் மகனும்தானே தூக்கினீர்கள். நீங்கள் போன பிறகு, அவர் வேலையிலிருந்து வரும்வரை நாங்கள் இருவரும் மாடியிலேயே கிடந்தோம்.

சில வாரங்களாகவே பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. நம்பத் துணியவில்லை. இன்று சாயங்காலம் துணிந்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். உங்கள் மகன் கையை விரித்தபடி எனக்கு முன்னால் பின்னோக்கியே இறங்கினார். ஒவ்வொரு படியும் எனக்குத் தெரிந்தது, அத்தை.

பாதிப் படியில் மெர்லின் கேட்டாள்: "அம்மா, ஏன் கீழ பாக்கல?"

அவளுக்குத் தெரிந்த அம்மா எப்போதும் தன் காலையே பார்த்து நடப்பவள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

உங்களை அடக்கம் செய்த அன்று, தங்கவயல் கல்லறைத் தோட்டத்தின் ஜல்லிப் பாதைக்குப் பயந்து வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் கட்டாயம் வருவேன். பூவையும் மெழுகுவர்த்தியையும் உங்கள் மகன் எடுத்து வரட்டும். உங்கள் பேத்தியை நான் தூக்கி வருகிறேன்.

உங்கள் வாயாடி மருமகள்,
ஜெயமேரி