செய்திப் பிரிவு என்று ஒருத்தி இல்லை

என் தங்கமே மாலதி,

அடியே, நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். சுகமா என்று கேட்டுத்தான் எழுதக் கை போகிறது, அதை உன்னிடம் எப்படிக் கேட்பது? கோபத்தோடுதான் எழுதுகிறேன். உன்மேல் இல்லை. கொஞ்சம் உன்மேலும்தான்.

போன மாதம் நம் செய்தி இணையத்தளத்தில் ஒரு வரி அறிவிப்பு வந்தது. "வழமையான பின்தளத் திருத்தங்களும் சில மேம்பாடுகளும் செய்யப்பட்டுள்ளன." அவ்வளவுதான். பக்கங்கள் சட்டென்று திறந்தன, படங்கள் சுணங்காமல் வந்தன. நல்லதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். அன்று சாயங்காலமே மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உன் அம்மா போன் பண்ணினார்.

"புஷ்பா, எம் புள்ள மொகத்த ஏம்மா எடுத்துட்டீங்க? அந்த வட்டத்துக்குள்ள இருப்பாளே. இப்ப என்னமோ சின்னம் போட்டிருக்கு."

திறந்து பார்த்தேன். நீ எழுதிய எதிலும் உன் பெயர் இல்லை, படமும் இல்லை. எல்லாவற்றிலும் 'செய்திப் பிரிவு' என்று நிற்கிறது. யாரடி அவள், செய்திப் பிரிவு? எந்தத் தோட்டத்துக்காரி?

காரணம் உனக்கே தெரியும். பழைய சிஸ்டத்தில் பதிவேற்றும் அனுமதி உன் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது. ஆளாளுக்கு உன் பெயரில் நுழைந்து ராசிபலன், கிரிக்கெட், தங்க விலை என்று போட்டுத் தள்ளினோம். நீயும் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, "போட்டுத் தொலைங்க" என்று சிரித்தாய். உன்மேல் உள்ள கோபம் அதுதான். காய்ச்சலில் நீ போன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. உன் மரண அறிவித்தல்கூட உன் கணக்கில்தான் போனது. 'எழுதியவர்: மாலதி.' பக்கத்திலேயே வட்டத்துக்குள் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

செத்தவள் ராசிபலன் எழுதுகிறாள் என்று யாரோ முகநூலில் கேலி செய்த பிறகுதான் நம் முதலாளிக்கு ரோசம் வந்தது. அந்தக் கணக்கையே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். ராசிபலனோடு சேர்த்து உன்னையும் எடுத்துவிட்டார்கள்.

பின்தளத்தை, அதான் தளத்தின் கணினி உள்வேலைகளை, பார்க்கும் தம்பி பிலிமத்தலாவையில் இருக்கிறான், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவனைப் பிடித்து ஏசினேன். "அக்கா, சொன்னதைத்தான் நான் செய்தனான். சிஸ்டத்துக்கு எல்லாம் ஒரே ஆள்தான். எது அவ எழுதினது, எது மற்றாக்கள் எழுதினது எண்டு ஆராவது பிரிச்சுத் தாங்கோ, முதலாளி ஓம் எண்டா திருப்பிப் போடுறன்" என்றான்.

பிரிக்க உட்கார்ந்தேன். அப்போது வந்தான் ஜெயன். அலுவலகத்தில் உன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தவன், உன் பகல் சாப்பாட்டில் பாதியைத் தின்றவன்.

"அக்கா, அந்த லயத்துக் கூரைக் கட்டுரை நான் எழுதுனது. மாலதியக்கா லாகின்ல போட்டேன், அவ்வளவுதான்."

எது என்று தெரிகிறதா? மழை வந்தால் கட்டிலை எந்த மூலைக்கு இழுப்பது என்று தோட்டத்து லயத்து வரிசையில் இருக்கும் உன் அம்மா வீட்டைப் பற்றி எழுதினாயே, ஊரெல்லாம் பகிர்ந்ததே, அதுதான். கொழும்பில் ஒரு வேலைக்கு மனுப் போடுகிறானாம். காட்டுவதற்கு நல்லதாக ஒன்று வேண்டுமாம்.

"டேய், அந்த வீட்ட நீ எப்பப் பாத்த?"

"போயிருக்கேனே அக்கா."

போனான், இல்லையென்று சொல்லவில்லை. உன் சாவுக்குப் போனான். ஒழுகலுக்கு வைத்திருந்த வாளியைக் காலால் தட்டிவிட்டவனும் அவன்தான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "விடுங்க புஷ்பா. அந்தப் புள்ள போயிருச்சு. இனி பேர வச்சு என்னா செய்யப் போகுது? ஜெயனுக்காவது உதவட்டுமே." பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே சொன்னார், மாலதி. உயிரோடு இருந்தபோது எல்லாரும் உன் பெயரை எடுத்துக்கொண்டோம். இப்போது எழுத்தையும் எடுக்கிறார்கள். இன்னும் என்னதான் தரவேண்டும் நீ?

உன் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். "அப்ப அந்தத் தம்பி மொகமா வரும்? எங்க வீட்டுக் கதைக்கு?" என்றார்.

புது சிஸ்டத்தில் எனக்கும் தனிக் கணக்கு. எழுதியவர் என்ற இடத்தைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கட்டுரைக்குள் பிழை திருத்த அனுமதி உண்டு. ஆகவே பிழையைத் திருத்தினேன். கூரைக் கட்டுரையின் முதல் வரிக்கு மேலே உன் படத்தை வைத்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: 'இதை எழுதியவள் மாலதி. இது அவள் அம்மாவின் வீடு.' இனிப் பின்தளத்தில் என்ன செய்தாலும் அது போகாது. ஒருவர் உட்கார்ந்து, வாசித்து, தன் கையால் அழிக்க வேண்டும்.

உன் அம்மா போன் பண்ணினார். "வந்துருச்சு புள்ள" என்று மட்டும் சொன்னார். ஜெயன் பார்த்துவிட்டான், அதிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலாளி இன்னும் கவனிக்கவில்லை. நம் தளத்தை அவர் என்றைக்கு வாசித்தார்? கவனிக்கிற அன்றைக்கு என் வேலை போகும். போகட்டும்.

மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறேன். உன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தால் அதைத் தொடமாட்டேன், பிறத்தியார் எழுதியது உனக்கு வேண்டாம். உன்னுடையது ஒன்றைக்கூட அவர்களுக்கு விடமாட்டேன். அழித்தால் திரும்ப எழுதுவேன். என்னை வெளியே போட்டால் வெளியே நின்று எழுதுவேன். சத்தியம்டி.

உன்னை 'டி' போட்டு ஏச இன்னமும் உரிமையுள்ள அக்கா,
புஷ்பா