நிலைக்குள் நுழையாத வட்டமேசை

மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட உள்ள மரக்காலையில் இன்று காலை முதிரை மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மணம் மூக்கில் ஏறியதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். நீர் கண்மூடி ஆறு மாதமாகிறது. நல்ல மரத்தைக் கண்டால் இன்னும் உமக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

சாவகச்சேரியில் அந்தப் பள்ளிக்கூட ரீச்சருக்கு நீர் செய்த மேசையும் முதிரைதான். காது முற்றாகக் கேளாமல் போய், மற்றவர்களின் உதட்டைப் பார்த்தே கதை விளங்கிக்கொண்ட மனுஷி அவர். "நீட்டு மேசையிலை பக்கத்திலை இருக்கிறவையின்ரை வாய் தெரியுதில்லை. பிள்ளையள் சிரிக்கேக்கை நானும் ஏனெண்டு தெரியாமல் சிரிக்கிறன்" என்றார். அந்த வருடப் பொங்கலுக்கு மூன்று மகன்மாரும் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. அதற்குள் எல்லா முகமும் தெரிகிற வட்டமேசை வேண்டும் என்றார். நான் போய் அறையை அளந்து, ஆறடி வட்டம் என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

உரும்பிராய்ப் பட்டறையில் இரண்டு மாதம் நீர் வேறொன்றையும் தொடவில்லை. நாம் கூட்டாளிகள் என்று பெயர்தான். அந்த மேசைக்கு முன்னால் நான் பலகை பிடிக்கிற ஆள். ஓர் இரும்பாணி இல்லை. மரத்தின் ரேகைகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும்வரை பலகைகளை மாற்றி மாற்றி அடுக்கினீர். "காணும், விடும்" என்றேன். "இன்னும் சரிவரேல்லை" என்றீர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் பொலிஷ் காய்ந்த அன்று பார்த்தேன், பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் காலை லொறியில் கொண்டுபோனோம். நிமிர்த்தியும் சரித்தும் பார்த்தோம், மேசை வாசலோடு நின்றுவிட்டது. பழைய வீடு, வாசல்நிலை ஐந்தரை அடி உயரம்கூட இல்லை. இப்படியான நிலைகளில் குனிந்து போய்க் குனிந்து வந்து பழகிய எங்களுக்குக் குனிகிறோம் என்பதே தெரிவதில்லை. நானும் அளவுநாடாவோடு குனிந்து உள்ளே போய், அறையை மட்டும் அளந்துவிட்டுக் குனிந்து வெளியே வந்திருக்கிறேன். பின்கதவு அதைவிடப் பதிவு, உயரம் இன்னும் குறைவு.

"நிலையைக் கழட்டினால் என்ன?" என்றார் லொறிக்காரர். ரீச்சர் அவர் உதட்டைப் பார்த்துவிட்டார். "பூசை வைச்சு ஊண்டின நிலை. அதிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஆர் அளந்தது?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நீர் முன்னால் வந்து, வாய் தெரியும்படி நின்று, ஆறுதலாகச் சொன்னீர்: "நான்தான் ரீச்சர். வாசலை மறந்துபோனன். பொழுதுபட முதல் மேசை உள்ளை இருக்கும்."

முற்றத்து மாமரத்தின் கீழ் மேசையைக் கவிழ்த்து, வாளை எடுத்து, இரண்டு மாத வேலையை நடுவால் இரண்டாக அறுத்தீர். வாள் ஓரிடத்திலும் விலகவில்லை. நான்தான் பார்க்கமாட்டாமல் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். பாதிகளை உள்ளே கொண்டுபோய், அடியில் சட்டம் கொடுத்து, மரஆணி அடித்து இறுக்கினீர். மேலே மயிரளவு கோடு ஒன்று மிஞ்சியது. திரும்பி வரும்போது அந்தக் கோட்டைப் பற்றியும் பேச்சில்லை, என்னைப் பற்றியும் பேச்சில்லை. "பசிக்குது, எங்கையாவது வடை வாங்குவம்" என்றீர். அப்படி ஒரு மனிதரை நான் வேறு கண்டதில்லை.

உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் சாவகச்சேரிக்குப் பஸ் ஏறினேன். ரீச்சர் நன்றாகத் தளர்ந்துவிட்டார். அந்த மேசையில்தான் தேத்தண்ணி தந்தார். அவர் முகத்துக்கு நேரே இருந்து, "அண்டைக்கு அளந்தது நான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நான் கேக்கேக்கை உம்மடை வாயும் திறந்தது. அதுக்குள்ளை அவர் முந்தியிட்டார்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"அந்தப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளையளின்ரை பகிடி முழுக்க எனக்கு விளங்கினது. இனி ஆர் அளந்தால் என்ன? நீர் எப்பவெண்டாலும் வந்து சொல்லுவீர் எண்டு இருந்தன்."

இத்தனை வருடமும் நான் வாயே திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது அளவு பிழைத்தால், வீட்டுக்காரர் கேட்க முன்னரே முன்னுக்குப் போய் நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கிறது. அன்று உமக்கும் படபடத்ததா என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.