ஊதிப் பார்த்த கல்

ஜூன் 4
பெரியவனின் மூத்த மகள் டாக்டராகிவிட்டாள். அடுத்தவனுக்குக் கட்டடப் படிப்பில் மெடல். கடைக்குட்டி நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறாள். கீழ்வீட்டுக்காரியிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் வீட்டுப் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. "உங்க பேரப்பிள்ளைங்க கதை கேட்டா எங்க வீட்டுப் பால் கூட நிக்கமாட்டேங்குதும்மா" என்றாள். பொறாமை.
பெரியவனிடம் போனில் சொன்னேன், டாக்டரம்மா புது ஃபோட்டோ ஒன்று தபாலில் போடு என்று. "வாட்ஸ்அப்ல அனுப்பினேனேம்மா." "அத ஆணியில மாட்ட முடியுமாடா?"

ஜூன் 9
என் மகள் சின்னவளுக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். சில மாதங்களாகவே கண் மங்கல், என்னிடம் மறைத்திருக்கிறாள். ஆபரேஷன் செய்யாவிட்டால் வேறு ஆள் போடுவார்களாம். அவள் வீட்டில்தான் நான் சாப்பிடுகிறேன். அண்ணனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.
வைர மோதிரத்தை வைக்கிறேன் என்றேன். "அப்பா போட்டதும்மா" என்று அழுதாள். கண்ணுக்கு முன்னால் மோதிரம் என்ன?
"நேரா அடகுக் கடைக்குப் போகாதீங்க. முதல்ல வைரம் தெரிஞ்சவங்ககிட்ட மதிப்புக் கேளுங்க. கடைக்காரங்க ஏமாத்திடுவாங்க."
என் மகள் சூட்டிகை.

ஜூன் 11
மதிப்புப் பார்ப்பவர் வயதானவர். ஒரு கண்ணில் சின்னக் கண்ணாடி. மோதிரத்தை வாங்கினார், வாயருகே வைத்து ஹா என்று ஊதினார். கல்லில் படிந்த ஆவி அப்படியே நின்றது. மறுபடியும் ஊதினார்.
"அம்மா, வைரமா இருந்தா ஆவி உடனே போயிடும். தங்கம் நல்ல தங்கம். கல்லு வைரம் இல்ல."
எடை மெஷின் கெட்டிருக்கும் என்றேன். எடையே போடவில்லை அவர். கண்ணாடியை என் கண்ணில் வைத்துக் காட்டினார். கல்லைப் பிடித்திருக்கும் நான்கு முனைகளும் ஒருமுறை திறந்து அமுக்கப்பட்டிருக்கின்றன. "யாரோ கழட்டி மாத்தியிருக்காங்க. வெளிய எங்கயாச்சும் குடுத்தீங்களா?"
கொடுத்தேன். விரல் வீங்கி சோப்புப் போட்டும் கழலாத வருடம். பெரியவன்தான் கூட்டிப்போய் மோதிரத்தை வெட்டி எடுத்தான். பெரிசு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிப் போனான். கூலியும் அவனே கொடுத்தான். ஊரெல்லாம் சொன்னேனே!

ஜூன் 12
தினமும் காலையில் ஊதி முந்தானையில் துடைப்பது என் வழக்கம். அவர் இருந்த நாளில் ஊதியவுடன் பளிச்சென்று இருக்கும், துடைக்க ஒன்றும் இருக்காது. பிறகு ஆவி நிற்க ஆரம்பித்தது. கல்லுக்கும் வயதாகிறது, எனக்கு மாதிரி, என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் அறிவு. இல்லை, அறிவு இல்லை. பெத்த பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

ஜூன் 13
போன் செய்தேன். மோதிரக் கல்லு எங்கடா என்று கேட்டேன். சொன்னான்.
"டாக்டர் படிப்புக்கு அவ கடைசி வருஷ ஃபீஸும்மா. கட்டலேன்னா பரீட்சை எழுத விட்டிருக்கமாட்டாங்க."
"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."
"எப்படிக் கேக்கறது? ஊரெல்லாம் எம்பையன் ராஜா மாதிரி இருக்கான்னு சொல்லி வச்சிருக்கீங்க."
அதுவும் என் மேலேயே வந்து விழுகிறது.
"தங்கச்சி கண்ணுக்கு நீ கட்டு."
"பாக்கலாம்மா."
"அவ பாக்கறதுக்குத்தான் கேக்கறேன்."
பேத்திக்குத் தெரியுமா? போன முறை வந்தபோது என் கையைப் பிடித்து, பாட்டி மோதிரம் இன்னும் எப்படி மின்னுது என்றாள். தெரிந்து சொன்னாளா? இதைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 14
சாப்பிடவில்லை.

ஜூன் 20
பெரியவன் பணம் கட்டிவிட்டான். சின்னவளிடம் மோதிரம் பத்தி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனே விசாரித்துக் கட்டினான் என்றேன். அவனைப் புகழ்ந்து பேசியே பழகிய வாய்.

ஜூலை 2
கண் கட்டைப் பிரித்தார்கள். சின்னவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை. "விரல் மூளியா இருக்கே, மோதிரம் எங்கம்மா?"
"பெட்டியில இருக்கு. இனிமே போடறதா இல்ல."
என் முகத்தையே பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது நன்றாகத் தெரிகிறது அவளுக்கு.

ஜூலை 5
டாக்டரம்மா ஃபோட்டோ தபாலில் வந்தது. வெள்ளைக் கோட்டு, சிரித்த முகம். ஆணியில் மாட்டவில்லை. கீழ்வீட்டுக்காரி, "வந்துடுச்சா, காட்டுங்க" என்றாள். பிறகு என்றேன்.
பெரியவனுக்குப் போன் செய்தேன்.
"ஃபோட்டோ நல்லா இருக்காம்மா?"
"நல்லா இருக்கு. ஆனா வேற ஒண்ணு வேணும். யாரோட கல்ல வித்து அவ படிப்பு முடிஞ்சுதுன்னு நீயே அவகிட்ட சொல்லு. சொன்னப்புறம் எடுத்த ஃபோட்டோவ தபால்ல போடு."